கோத்தகிரியில் உட்கார்ந்து குவார்டெட் எழுதுவது எப்படி

இசையமைப்பாளர் என்று சொன்னதுமே “எந்தப் படம்?” என்பார்கள். படமெல்லாம் இல்லை, மேற்கத்திய செவ்வியல் முறையில் குவார்டெட், அதாவது இரண்டு வயலின், சற்றே பெரிய வயோலா, இன்னும் பெரிய செல்லோ என நால்வர் வாசிக்கும் இசை எழுதுகிறேன் என்றால், “அதுக்கு யாரு காசு கொடுக்குறா?” என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். கடைசியில் வருகிறேன்.

முதலில் கோயரில், அதாவது ஆலயப் பாடகர் குழுவில், சேருங்கள். எங்கள் ஆலயத்தில், டோ, ரே, மீ என்று சுரங்களை எழுத்தால் குறிக்கும் டானிக் சோல்ஃபாவைப் பார்த்துத்தான் நான் டெனர் பாடினேன். சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் என்று மேலிருந்து கீழாக நான்கு குரல்கள் எங்கே உரசி எங்கே விலகுகின்றன என்பது காதில் ஏற இதைவிட மலிவான பள்ளிக்கூடம் கிடையாது. ஆனால் ஐந்து கோட்டு நொட்டேஷனையும் சீக்கிரம் பழகிவிடுங்கள். வயலின்காரர் அதைத்தான் கேட்பார்.

அப்புறம் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக். அவருடைய 371 கோரல்கள் (நான்கு குரல் ஆலயப் பாடல்கள்) கொண்ட பழைய தொகுப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். வாரம் ஒன்றை எடுத்து, சொப்ரானோவையும் பாஸையும் மட்டும் தாளில் எழுதிக்கொண்டு, நடுவில் ஆல்ட்டோ, டெனரை நீங்களே போட்டுப் பாருங்கள். பிறகு அவர் போட்டதைத் திறந்து ஒப்பிடுங்கள். முதல் ஆறு மாதம் வெட்கமாகத்தான் இருக்கும். மழைநாளில் நான் இப்போதும் செய்கிறேன். கோத்தகிரியில் மழைநாளுக்கா பஞ்சம்?

தேர்வுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிரிட்டனின் இசைத் தேர்வு வாரியமான ஏபிஆர்எஸ்எம்-மில் ஆறாம் கிரேடு வாசிப்புக்குப் போகுமுன் பொதுவாக ஐந்தாம் கிரேடு தியரி தேறியிருக்க வேண்டும். இன்னொரு பிரிட்டிஷ் வாரியமான டிரினிட்டியில் அந்தக் கட்டாயம் இல்லை, இருந்தாலும் எழுதிவிடுங்கள். முழுநேரமாகப் படிக்க வேண்டுமென்றால், ஏ.ஆர். ரஹ்மான் 2008இல் சென்னையில் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி இருக்கிறது.

எழுதத் தொடங்கியதும் கம்ப்யூட்டரை நம்பாதீர்கள். நொட்டேஷன் எழுதும் மியூஸ்ஸ்கோர் இலவசம், நல்ல மென்பொருள். ஆனால் எதை எழுதினாலும் வாசித்துக் காட்டிவிடும். என் முதல் குவார்டெட்டில் செல்லோவுக்கு அடிக்கம்பி ‘சி’யையும் அதற்கு மேல் உள்ள ‘ஈ’யையும் சேர்த்துப் போட்டிருந்தேன். வீட்டில் கேட்டபோது கம்பீரமாக இருந்தது. பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கி, இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போனேன். ஒத்திகையில் செல்லோக்காரர் வில்லை மடியில் வைத்துவிட்டு, “தம்பி, ரெண்டும் ஒரே கம்பிப்பா” என்றார். ஒரு கம்பியில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். அடுத்த கம்பி ‘ஜி’யில்தான் தொடங்குகிறது, ‘ஈ’ அதற்குக் கீழே. வயோலாவுக்கு ஆல்ட்டோ கிளெஃப் (எந்தக் கோடு எந்தச் சுரம் என்று சொல்லும் குறி) போடாமல், வயலினுக்குரிய ட்ரெபிளில் அச்சடித்துக் கொண்டுபோனது தனிக்கதை. ஒரு மணிநேர ஒத்திகையில் முக்கால்வாசி அதிலேயே போயிற்று.

அதனால் பக்கத்தில் இருப்பவர்களுக்கு எழுதுங்கள். ஒரு வயலின், ஒரு கீபோர்டு, இரண்டு நிமிடம் போதும். வாசிப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து எது கை வலிக்கிறது என்று கேளுங்கள். ஒவ்வொருவர் பாகத்திலும் பக்கம் திருப்பும் இடத்தில் ஓய்வு வரட்டும், பார்களுக்கு (கோடு போட்டுப் பிரித்த தாளப் பகுதிகளுக்கு) எண் போடுங்கள். ஜூலையில் இங்கே தாள் அப்பளம் மாதிரி நமத்துவிடும், இங்க்ஜெட் மை ஊறும், லேசரில் அடியுங்கள்.

சரி, காசு. கீபோர்டு வகுப்பு, கோயருக்கு நான்கு குரல் அமைத்துக் கொடுப்பது, மற்றவர்கள் மெட்டுக்கு நொட்டேஷன் எழுதுவது: முதல் சில வருடம் என் சோறு இதில்தான். போட்டிகளுக்கும் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கும்போது ஸ்கோரோடு (எல்லார் பாகமும் சேர்ந்த நொட்டேஷன்) பெரும்பாலும் பதிவும் கேட்பார்கள். ஒத்திகையையே கைபேசியில் பிடித்து வையுங்கள். என் குவார்டெட் முதன்முதலில் முழுதாக ஒலித்த அன்று, பதிவுப் பொத்தானை அமுக்க மறந்துவிட்டேன்.