வைனில் ஃபோல்பெட்டைத் தேடாதீர்கள், அது விட்டுப்போனதைத் தேடுங்கள்

பிரான்சின் போர்தோ பக்கம் மழை பிடித்துக்கொண்டால் திராட்சையில் அடிச்சாம்பல் நோய் வரும், ஃபோல்பெட் என்ற பூஞ்சைக்கொல்லி அடிப்பார்கள். ஆனால் அந்தத் தோட்டத்து வைனில் ஃபோல்பெட்டை மட்டும் தேடினால் பெரும்பாலும் ஒன்றும் அகப்படாது. சாறு நொதித்து வைனாவதற்குள் அது உடைந்து ஃப்தாலிமைடு ஆகிவிடும். ஐரோப்பிய விதியும் இரண்டையும் கூட்டித்தான் பார்க்கச் சொல்கிறது. எங்கள் ஆய்வகத்துக்கு வரும் புதுப் பிள்ளைகளிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன்.

முதலில் மருந்தை வைனிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். 50 மி.லி. டியூபில் 10 மி.லி. வைன், 10 மி.லி. அசிட்டோநைட்ரைல் (கரைப்பான்) விட்டு ஒரு நிமிடம் குலுக்குங்கள். அப்புறம் 4 கிராம் நீரற்ற மெக்னீசியம் சல்பேட், 1 கிராம் சோடியம் குளோரைடு, ஒன்றரை கிராம் சிட்ரேட் உப்புகள். கொட்டிய கையோடு குலுக்க வேண்டும். ஒருநாள் போன் அடித்ததென்று எழுந்து போனேன். வந்து பார்த்தால் அடியில் கல்லாக இறுகிக் கிடந்தது. டியூப் சூடாகும், பயப்படாதீர்கள். சென்ட்ரிஃப்யூஜில் 5 நிமிடம் சுற்றினால் அசிட்டோநைட்ரைல் மேலே பிரிந்து நிற்கும்.

அதில் மி.லி.க்கு 25 மில்லிகிராம் பி.எஸ்.ஏ. (அமீன் ஒட்டிய சிலிக்கா) பொடியும் 150 மில்லிகிராம் மெக்னீசியம் சல்பேட்டும் போட்டால் சிவப்பு வைனின் சாயமும் அமிலங்களும் பொடியில் ஒட்டிக்கொள்ளும். கரிப்பொடி போட்டால் இன்னும் வெளுக்கும்தான். ஆனால் தயாபெண்டசோல் என்ற பூஞ்சைக்கொல்லி போன்ற தட்டை மூலக்கூறுகளையும் அது விழுங்கிவிடும், நான் போடுவதில்லை. பி.எஸ்.ஏ. காரத்தன்மை உள்ளது, ஃபோல்பெட்டுக்குக் காரம் ஆகாது. அதனால் வடித்த உடனே மி.லி.க்கு 10 மைக்ரோலிட்டர், 5 சதவீத ஃபார்மிக் அமிலம்.

சரி, இனிதான் சிக்கல். சாற்றை ஆவியாக்கி, அதிலுள்ளவற்றைப் பிரித்துக் காட்டும் கருவி கேஸ் குரோமட்டோகிராஃப். அதன் சூடான உள்வாயிலிலேயே ஃபோல்பெட் உடைந்து ஃப்தாலிமைடு ஆகும். கருவி செய்ததா, வைனில் இருந்ததா? ஒவ்வொரு தொகுப்பிலும் புதிதாகக் கரைத்த ஃபோல்பெட்டைத் தனியாக ஏற்றுங்கள். அங்கே ஃப்தாலிமைடு உச்சி எழுந்தால் அது கருவியின் வேலை. வைனே இல்லாமல், அதே கரைப்பான், அதே உப்புகளோடு ஒரு வெற்று மாதிரியும் ஓட்டுங்கள். அதிலும் சில நாள் ஃப்தாலிமைடு தலைகாட்டும், அது வைனிலிருந்து வந்ததல்ல. உச்சியின் அளவை எண்ணாக்கும் அளவுகோல் வரைய, மருந்தே படாத சிவப்பு வைனில் செய்த சாற்றையே பயன்படுத்துங்கள். வெறும் கரைப்பானில் வரைந்தால் எண் தப்பும்.

கணக்கு எளிது: ஃப்தாலிமைடின் மூலக்கூறு எடை 147, ஃபோல்பெட்டுக்கு 297. கிடைத்ததை 2.02-ஆல் பெருக்கி ஃபோல்பெட்டோடு கூட்டுங்கள்.

தயோபனேட்-மீத்தைல் என்ற பூஞ்சைக்கொல்லி அடித்த தோட்டமென்றால், அது உடைந்து உண்டாகும் கார்பென்டாசிமையும் தேடுங்கள். மாங்கோசெப் என்ற இன்னொரு பூஞ்சைக்கொல்லி விட்டுச்செல்லும் எத்திலீன் தயோயூரியா தண்ணீரோடே தங்கிவிடும், இந்த வழியில் சரியாகச் சிக்காது. அதற்குத் தனி முறை வேண்டும்.

போன அறுவடையில் ஒரே மெர்லோ சிவப்பு வைனுக்குக் காலையில் ஓர் எண், மாலையில் அதைவிடக் கூடுதல். உள்வாயிலின் கண்ணாடிக் குழாயைக் கழற்றிப் பார்த்தேன், பழுப்பேறிப் போயிருந்தது. மாற்றினேன், காலை எண்ணே திரும்ப வந்தது.