துளி சிறுத்தால் வினைவேகம் என்ன ஆகும்? தாளில் கணக்கிட்டு அறியும் முறை

குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் விடியற்காலையில் சிரட்டை நிறைய நிற்கும் பாலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, நீரில் மிதக்கும் பலபடித் (பாலிமர்) துகள்கள் புதியவை அல்ல. அந்தப் பாலை மரம் நொதிகளால் ஆக்குகிறது. ஆய்வகத்தில் நாம் ஸ்டைரீன் என்ற திரவத்தை நீரில் நுண்துளிகளாகச் சிதறடித்து, தனி உறுப்புகளின் (இணையற்ற எலக்ட்ரான் கொண்டு சங்கிலியை வளர்க்கும் வினைத்துகள்கள்) வழியே பலபடியாக்குகிறோம். கருவியைத் தொடுவதற்கு முன் தாளில் கணக்கிடுவதே சிறந்த தொடக்கம் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் கன அளவைக் காணுங்கள். 100 நானோமீட்டர் விட்டமுள்ள கோளத் துளியில் ஏறத்தாழ 5.2 × 10⁻¹⁹ லிட்டர் மட்டுமே அடங்கும்.

அடுத்து, அதற்குள் ஒரே ஒரு மூலக்கூறு இருப்பதாகக் கொண்டு, 1ஐ அவகாட்ரோ எண்ணாலும் கன அளவாலும் வகுத்தால், செறிவு லிட்டருக்கு 3.2 × 10⁻⁶ மோல் என்று வரும். விட்டம் 50 நானோமீட்டரானால் கன அளவு எட்டில் ஒரு பங்காகச் சுருங்க, அதே ஒற்றை மூலக்கூறின் செறிவு 2.5 × 10⁻⁵ ஆக உயர்கிறது.

இவ்விடத்தில் நிதானியுங்கள். வினையில் தனி உறுப்புகளின் சராசரிச் செறிவை லிட்டருக்கு 10⁻⁸ மோல் என்று கொண்டால், 100 நானோமீட்டர் துளிகளில் முந்நூறுக்கு ஒன்றில்தான் ஒரு தனி உறுப்பு இருக்கும். வெவ்வேறு துளிகளில் அடைபட்ட இரு உறுப்புகள் சந்தித்து அழிய வழியில்லாததால் வேகம் கூடுகிறது. ஆனால் வளரும் சங்கிலியின் முனையோடு சேர்ந்தும் பிரிந்தும் வினையைக் கட்டுப்படுத்தும் டெம்போ போன்ற நைட்ராக்சைடைப் பயன்படுத்தும்போது, பிரிந்த சங்கிலி உறுப்பும் நைட்ராக்சைடும் ஒரே சிற்றறைக்குள் சிக்கி விரைவில் மீண்டும் சேர்ந்துவிடுவதால், துளி மிகவும் சிறுத்தால் வேகம் குறைந்து கட்டுப்பாடு மேம்படுகிறது. டெம்போவின் ஒரு பகுதி நீருக்குள் தப்பிச் செல்வது இவ்விளைவைச் சற்றே தணிக்கிறது. வளரும் முனையைச் சங்கிலிகளுக்கிடையே மாற்றிக் கட்டுப்படுத்தும் ராஃப்ட் (RAFT) முறையில் இவ்வாறு திரும்பச் சேரும் இணை இல்லாததால், சிறிய துளிகளில் பொதுவாக வேகம் கூடும்.

இனிச் சோதனை. சேர்மங்களின் அளவை மாற்றாமல், மீயொலி செலுத்தும் நேரத்தை மட்டும் மாற்றி இரு தொகுதிகளைத் தயாரித்து, ஒளிச்சிதறல் கருவியில் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். நீரில் கரையாத எண்ணெயான ஹெக்சாடெக்கேனைச் சேர்க்க மறவாதீர்கள். அது இல்லாவிட்டால் பெரிய துளிகள் சிறியவற்றின் செலவில் வளர்ந்து, ஒப்பீடே பொருளற்றதாகிவிடும். டெம்போவுடன் ஸ்டைரீன் வினைபுரியச் சுமார் 125 பாகை செல்சியஸ் தேவைப்படுவதால், நீர் கொதிக்காதபடி அழுத்தம் தாங்கும் மூடிய கலனையே பயன்படுத்த வேண்டும். குறித்த நேரங்களில் மாதிரி எடுத்து, ரப்பர் பாலின் டிஆர்சி (உலர் ரப்பர் அளவு) பார்ப்பதைப் போலவே உலர்த்தி எடை போட்டு, எவ்வளவு ஸ்டைரீன் பலபடியாகியுள்ளது என்பதை இரு தொகுதிகளுக்கும் ஒரே வரைபடத்தில் குறியுங்கள்.