‘ம’வில் ஆரம்பியுங்கள்: முதலெழுத்தைப் பிடித்து உலகப் பாட்டு தேடும் வழி

பாட்டுக்குப் பாட்டு தெரியாத தமிழர் குறைவு. பி.எச். அப்துல் ஹமீத் இலங்கை வானொலியில் நடத்தி, அப்புறம் தொலைக்காட்சிக்கும் வந்த அந்த விளையாட்டை உலகத்துக்கே விரித்து, ஒரு எழுத்தை எடுத்து அதில் தலைப்பு தொடங்கும் பாட்டுகளை எல்லா மொழியிலும் தேடி விளையாடலாம் என்பதுதான் நான் சொல்ல வருவது. பாட்டு கேட்கும் ஆப் எப்போதும் நீங்கள் நேற்றுக் கேட்டதற்குப் பக்கத்தில் இருப்பதையே இன்றும் தரும். எழுத்துக்கு உங்கள் ரசனை தெரியாது, அதனால் கென்யாவையும் சீனாவையும் ஒரே பாயில் உட்கார வைத்துவிடும்.

முதல் வேலை, தமிழ் எழுத்தையே எடுங்கள். ஆங்கில அகரவரிசையில் போனால் நம் காதுக்கு ஒரே ‘க’ கே, சி, கியூ என்று மூன்று இடத்தில் சிதறிக் கிடக்கும். தலைப்பை அந்த மொழிக்காரர் சொல்வதைக் கேட்டு, காதில் விழுந்தபடி தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். க, ச, த, ப நாலும் இரண்டு மூன்று ஒலிகளைச் சுமப்பதால் பாட்டு குவிந்துவிடும், புதிதாக ஆரம்பிப்பவருக்கு ‘ம’தான் சரி.

தேடும் இடம்: ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு மொழிப் பாடல்களுக்கும் தனிப் பகுப்புப் பக்கம் இருக்கிறது, சுவாஹிலி, போர்ச்சுகீசியம், சீனம் என்று. உள்ளே எல்லாம் எழுத்து வரிசையில் இருக்கும், எம் வரைக்கும் இறங்கிப் போனால் போதும். பழைய இசைத்தட்டுகளுக்கு இன்டர்நெட் ஆர்க்கைவ், ஒரே பாட்டை யார் முதலில் பாடினார், யார் பின்னால் பாடினார் என்று பார்க்க செகண்ட்ஹேண்ட்சாங்ஸ் என்ற இணையதளம். ஒரு மொழிக்கு ஒரு பாட்டு என்று கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒரே ஊரில் தங்கிவிடுவீர்கள்.

என் நோட்டில் ‘ம’ பக்கத்தில் முதல் வரி ‘மலாய்க்கா’. சுவாஹிலிப் பாட்டு, தேவதை என்று பொருள், அரபியிலிருந்து போன சொல். தமிழ் முஸ்லிம் வீடுகளில் ‘மலக்கு’ என்கிறார்களே, அதே வேர்தான். பாட்டை எழுதியது யார் என்பதில் இன்னும் சச்சரவு உண்டு. கென்யாவின் ஃபதிலி வில்லியம் பாடிப் பதிவு செய்தார், மிரியம் மக்கேபா பாடி உலகமெல்லாம் போனது. உன்னைக் கட்டிக்கொள்ள ஆசைதான், கையில் காசில்லையே என்று ஒரு பையன் மருகுவதுதான் விஷயம்.

அடுத்தது ‘மோலிஹுவா’, சீன நாட்டுப்பாட்டு. ஹுவா என்றால் பூ. மோலி? நம் மல்லிதான், மல்லிகா என்ற சொல் இந்தியாவிலிருந்து சீனத்துக்குப் போய் அப்படி ஆனது. ஒன்று பறித்துச் சூடிக்கொள்ளலாமா, தோட்டக்காரர் திட்டுவாரோ என்று தயங்கும் வரியை நான் எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கில்லை. இந்த மெட்டை இத்தாலிய இசையமைப்பாளர் புச்சீனி தன் ‘துராந்தோத்’ என்ற ஓபராவில் (இசை நாடகத்தில்) சேர்த்தார், அது 1926-இல் மேடையேறியது.

‘மிசிர்லூ’வுக்கு எகிப்துப் பெண் என்று பொருள். கிழக்கு மத்தியதரைக் கடலோரத்து மெட்டு, கிரேக்க மொழியில் 1920-களிலேயே இசைத்தட்டாக வந்தது, 1962-இல் டிக் டேல் கித்தாரில் வேகமாக வாசித்து அமெரிக்க அலைச்சறுக்குக்காரர்களின் பாட்டாக்கிவிட்டார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

அப்புறம் ‘ம்புபே’. தமிழில் மெய்யெழுத்துச் சொல்லுக்கு முதலில் வராது, எந்தப் பக்கத்தில் போடுவது என்று கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்துவிட்டு ‘ம’விலேயே எழுதினேன். ஜூலு மொழியில் சிங்கம். சாலமன் லிண்டாவும் அவர் குழுவும் ஜோஹனஸ்பர்கில் 1939-இல் பதிவு செய்தது. ‘உயிம்புபே’ என்று அவர்கள் பாடியது அமெரிக்கப் பாடகர் பீட் சீகரின் காதில் ‘விமோவே’ என்று விழுந்து, அதுவே தலைப்பாகி, 1961-இல் வேறு ஆங்கில வரிகளோடு ‘தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்’ என்று பெயர் மாறி உலகப் புகழ் பெற்றது. லிண்டாவுக்கு உரிமைக்காகக் கிடைத்தது 10 ஷில்லிங். 1962-இல் வறுமையில் இறந்தார், குடும்பத்துக்கு ஒரு சமரசம் 2006-இல்தான் வந்தது. ஆங்கிலப் பெயரில் மட்டும் தேடியிருந்தால் இந்த மனிதர் உங்கள் கண்ணிலேயே பட்டிருக்க மாட்டார். அதனால்தான் மூலத் தலைப்பு, மூலத் தலைப்பு என்று அடித்துச் சொல்கிறேன்.

ஜப்பானின் ‘உயே ஓ முயித்தே அருகோ’வுக்கும் அதே கதி. 1961-இல் கியூ சகமோட்டோ பாடியது, கண்ணீர் சிந்தாமல் இருக்க மேலே பார்த்து நடப்போம் என்கிற பாட்டு. வெளிநாட்டில் விற்கும்போது ‘சுகியாகி’ என்று பெயர் வைத்தார்கள், அது மாட்டிறைச்சி போட்டுச் செய்யும் ஒரு ஜப்பானியச் சாப்பாட்டின் பெயர், பாட்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நோட்டில் ‘உ’வில்தான் எழுத வேண்டும், ‘சு’வில் அல்ல.

இன்னொரு விதி, தலைப்பின் முன்னால் ஒட்டிக்கொண்டு வரும் லா, எல், தி போன்ற சுட்டுச்சொற்களைக் கழற்றிவிடுங்கள். பெருவின் ‘எல் கொண்டோர் பாசா’ ‘க’வுக்குப் போகும். இதில் நான் ஏமாந்தது ‘ஓ சோலே மியோ’வில். ‘ஓ, என் சூரியனே’ என்று கூப்பிடுவதாக நினைத்து ‘ஓ’வில் எழுதிவைத்திருந்தேன். 1898-இல் எழுதப்பட்ட நேப்பிள்ஸ் பாட்டு அது, அந்த ஊர்ப் பேச்சில் அந்த ‘ஓ’ வெறும் சுட்டுச்சொல்தான். அடித்துவிட்டு ‘ச’வுக்கு மாற்றினேன். அரபியின் ‘யா’ மட்டும் இப்படிக் கழற்றக் கூடாது, அது நிஜமாகவே கூப்பிடும் சொல். அல்ஜீரியாவின் தஹ்மான் எல் ஹராஷி பாடிய ‘யா ராயா’, ஊரை விட்டுப் போகிறவனே என்று அழைக்கிற பாட்டு. ‘ய’ பக்கத்தைத் திறந்தால் பாதிக்கு மேல் அரபு நாடுகளாக இருக்கும், இருக்கட்டும்.

கேட்கும் முறை: முதல் தடவை பொருள் பார்க்காமல், வேறு வேலை செய்யாமல். இரண்டாவது தடவை பொருளோடு. மூன்றாவது, கிடைப்பதிலேயே பழைய பதிவு, கரகரப்பாக இருந்தாலும் பரவாயில்லை. நோட்டில் தலைப்பு, மொழி, ஊர், ஆண்டு, முதல் வரியின் பொருள், இது போதும். ஒரு எழுத்துக்கு ஒரு வாரம் கொடுங்கள், ஒரே ராத்திரியில் முப்பது பாட்டு ஓட்டினால் எதுவும் மனதில் நிற்காது.

வரிசையில் போய்க்கொண்டே இருந்தால் ‘ங’ வரும். தாண்டிவிடலாம் என்று தோன்றும், தாண்டாதீர்கள். வியட்நாமிய மொழியில் ‘ங’வில் தொடங்கும் சொற்கள் நிறைய. அங்கே பாக் நிங் பகுதியில் ஆணும் பெண்ணும் அணியாக நின்று மாறி மாறிப் பாடும் ‘குவான் ஹோ’ என்ற பாட்டு மரபு உண்டு, 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதில் விருந்தாளிகள் கிளம்பும் நேரத்துப் பாட்டு ஒன்று: ‘ஙுவோய் ஓய், ஙுவோய் ஓ டுங் வே’. இங்கேயே இரு, போகாதே என்று கெஞ்சுவது. முதலில் வரும் ‘ஓய்’ அவர்கள் ஆளைக் கூப்பிடும் சொல், கிட்டத்தட்ட நம் ‘ஓய்’ மாதிரியே காதில் விழும். ‘ங’ பக்கத்தில் அதை எழுதிவிட்டு, மெதுவாகப் பாடும் பதிவாகப் பார்த்துப் போடுங்கள்.