நீலத்திரையைத் துரத்தும்போது நேரும் தவறுகள்

வீட்டுக் கணினி எந்த ஒழுங்கும் இன்றி நீலத்திரை காட்டி நின்றுபோகத் தொடங்கினால், பலர் உடனே விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுகின்றனர். பழுது ரேம் எனும் நினைவகத்திலோ பவர் சப்ளையிலோ இருந்தால் புதிய விண்டோஸும் அதே போல விழும்; மென்பொருளில் இருந்திருந்தால், அதைக் காட்டிக்கொடுத்திருக்கக்கூடிய தடயமும் பழைய நிறுவலோடு போய்விடும்.

அந்தத் தடயம், சி டிரைவின் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் மினிடம்ப் என்ற கோப்புறையில், ஒவ்வொரு நீலத்திரைக்கும் ஒரு சிறு கோப்பாகச் சேர்கிறது. கணினியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் செயலிகள் இவற்றைக் குப்பையென்று கருதி அழித்துவிடக்கூடும் என்பதால், முதலில் இவற்றை வேறோர் இடத்தில் நகலெடுத்து வைக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் இலவசமாக வழங்கும் வின்டிபக் என்ற பிழையாய்வுச் செயலி கொண்டு அவற்றைத் திறக்கலாம். அங்கே விண்டோஸின் மையப்பகுதியான கெர்னலின் கோப்புப் பெயர் தெரிந்தால், விண்டோஸே குற்றவாளி என்று முடிவு கட்டக் கூடாது. பெரும்பாலும் வேறொன்று செய்த பிழை அங்கே வந்து வெடித்திருக்கும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் தென்படும் கெர்னல்-பவர் 41 என்ற பதிவும் இப்படித்தான் ஏமாற்றும். பெயரைப் பார்த்துப் புதிய பவர் சப்ளை வாங்கியவர்கள் உண்டு. அப்பதிவு சொல்வதோ, கணினி முறையாக மூடப்படாமல் நின்றது என்பதை மட்டுமே.

திரையில் தெரியும் பிழைக்குறியீட்டை ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு மருந்து தேடுவதும் தவறு. ஒவ்வொரு முறையும் ஒரே குறியீடும் ஒரே டிரைவரும் (வன்பொருளை இயக்க உதவும் மென்பொருள்) வந்தால் அந்த டிரைவரை ஐயுறலாம். குறியீடு முறைக்கு முறை மாறினால் என் சந்தேகம் முதலில் ரேமின் மேல்தான் விழும். விண்டோஸுடன் வரும் நினைவகச் சோதனையை ஒருமுறை ஓட்டி, பிழையில்லை என்று வந்ததும் ரேமுக்கு நற்சான்று கொடுத்துவிடுகிறோம். மெம்டெஸ்ட்86 என்ற நினைவகச் சோதனைச் செயலியை யூஎஸ்பியிலிருந்து இயக்கி, இரவு முழுவதும் பல சுற்றுகள் ஓடவிட்ட பிறகே ஓரளவு நம்பலாம். ஒரேயொரு பிழை வந்தாலும் அது பழுதுதான். அதற்கும் முன்பு, கணினியின் அடிப்படை அமைப்புகளைக் கொண்ட பயாஸில் எக்ஸ்எம்பி, அதாவது ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு, இயக்கப்பட்டுள்ளதா என்று பார்ப்பது நல்லது. டிடிஆர்4 வகை ரேமுக்கு ஜெடெக் என்ற தரநிலை அமைப்பு வகுத்த உச்ச வேகம் 3200 (நொடிக்கு மில்லியன் பரிமாற்றங்கள்). பெட்டியில் 3600 என்று அச்சிட்டிருந்தாலும் அது ஓவர்கிளாக்கிங்தான், அதாவது தரநிலையைத் தாண்டிய வேகத்தில் ஓட்டுவதுதான். பலர் இதை இயக்கியதையே மறந்துவிடுகின்றனர்.

ரேம் சரியா என்று தெரியாத நிலையில் விண்டோஸ் கோப்புகளைச் சரிபார்த்துச் சீர்செய்யும் எஸ்எஃப்சி, டிஸ்ம் கட்டளைகளைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதும் எனக்கு உவப்பானதல்ல. பழுதான நினைவகத்தின் வழியாகச் சென்று எழுதப்படும் கோப்பு தானே சிதைந்துபோகலாம். முக்கியமான கோப்புகளை வெளி வட்டில் சேமிப்பதையும் தள்ளிப்போடக் கூடாது. டிரைவர்களை மொத்தமாகப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் செயலிகளை அறவே தவிர்க்கலாம்.

ரேமை மாற்றி, பயாஸைப் புதுப்பித்து, கிராஃபிக்ஸ் டிரைவரையும் அதே நாளில் மாற்றினால், நீலத்திரை நின்றாலும் எதனால் நின்றது என்று தெரியாது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். அதன்பின் காத்திருக்கும் காலமும் முக்கியம்: சராசரியாக மூன்று நாளுக்கு ஒருமுறை விழும் கணினி ஒருநாள் ஒழுங்காக ஓடியது எதையும் நிரூபிப்பதில்லை, அந்த இடைவெளியைப் போல் மும்மடங்கு, அதாவது ஒன்பது நாளாவது, வழக்கமான பயன்பாட்டில் ஓடிய பிறகே அடுத்த முடிவுக்கு வரலாம்.