எந்தச் சனிக்கிழமை தொடங்கிய இருமல்?

போன வாரம் எங்கள் மெடிக்கலில் புதிதாகச் சேர்ந்த தம்பி, இருமிக்கொண்டே வந்த ஒருவருக்கு அரை நிமிடத்தில் ஒரு செட் மாத்திரையும் ஒரு பாட்டில் டானிக்கும் கொடுத்து அனுப்பினான். எத்தனை நாளாக இருமல் என்று கேட்கவே இல்லை. திருப்பூரில் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். இருமல் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள் என்று அவனிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். பீடியை விடுங்கள், ஐஸ் தண்ணீர் வேண்டாம் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அதற்குள் போகவில்லை.

கடைசி டானிக்கிலிருந்து நாள் எண்ணுவது

"எத்தனை நாளா இருமல்?" என்று கேட்டால், "நாலஞ்சு நாளாத்தானுங்க" என்பதுதான் வழக்கமான பதில். டானிக் குடித்து இரண்டு நாள் அடங்கியிருக்கும், மறுபடி தொடங்கியிருக்கும். அந்த மறுபடியிலிருந்துதான் அவர்கள் கணக்கு. அதனால் நான் கேள்வியை மாற்றிவிட்டேன். இங்கே பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம், சனிக்கிழமை கைக்கு வரும். "முதல் பாட்டில் எந்தச் சனிக்கிழமை சம்பளத்தில் வாங்கினீங்க?" என்று கேட்பேன். விரல் விட்டு எண்ணுவார்கள். நாலைந்து நாள், ஐந்து வாரமாகிவிடும்.

சாதாரண வைரஸ் சளியில் வரும் கோழை இருமலே முழுசாக அடங்க மூன்று வாரம்கூட ஆகும். காய்ச்சல் இல்லை, மூச்சு வாங்கவில்லை, நாளுக்கு நாள் குறைகிறது என்றால் முதல் இரண்டு வாரம் வெந்நீர், கண்டந்திப்பிலி ரசம் என்று பொறுத்துப் பார்க்கலாம். ஆனால் நம் நாட்டில் காசநோய் இருக்கிறது. அதனால்தான் தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டம், இரண்டு வாரம் தாண்டிய எந்த இருமலுக்கும் சளிப் பரிசோதனை செய்யச் சொல்கிறது. பரிசோதனைக்குப் போகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் காசநோய் இருக்காது. இருந்தாலும் போக வேண்டும். சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை குறைவது இவற்றில் ஒன்று சேர்ந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். சர்க்கரை நோய் இருப்பவர்கள், வயதானவர்கள், கர்ப்பிணிகள் இன்னும் முன்பே டாக்டரைப் பார்ப்பது நல்லது.

"ஸ்ட்ராங்கா அஞ்சு நாளைக்குக் கொடுங்க"

என்னை இன்றைக்கும் கொதிக்க வைக்கிற தவறு இதுதான்.

2008. நான் வேறொரு கடையில் வேலை பார்த்தேன். ஓவர்லாக் டெய்லர் ஒருவர், முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும், மூன்று வாரமாக இருமல் என்று வந்தார். டானிக்குக்கு இருமல் அடங்கவில்லை, வேலைக்கு லீவு போட முடியாது, ஸ்ட்ராங்காக ஏதாவது கொடுங்கள் என்றார். சீட்டு இல்லை. நான் லெவோஃப்ளாக்சசின் 500 என்ற ஆன்டிபயாட்டிக்கில் ஐந்து மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். நாலாம் நாள் வழியில் பார்த்து, "அண்ணா, உங்க மாத்திரை நல்லாக் கேட்டுது" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தார். மறுபடி ஐந்து மாத்திரை. மறுபடி கேட்டது.

மூன்றாவது முறை வந்தபோது சட்டைக் காலர் கழுத்தில் தொளதொளவென்று நின்றது. உள்ளே இரண்டு விரல் நுழையும் இடைவெளி. பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஒரு துளை போட்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். முதல் சளிப் பரிசோதனையில் கிருமி தெரியவில்லை. எக்ஸ்ரே எடுத்து, மறுபடி சளி பார்த்த பிறகுதான் காசநோய் என்று உறுதியானது. அதற்குள் வீட்டில் ஆறு வயது மகளுக்கும் கழுத்தில் நெறி கட்டியிருந்தது, அவளுக்கும் அதே நோய். இரண்டு பேரும் மருந்து சாப்பிட்டுக் குணமானார்கள். ஆனால் நான் முதல் நாளே சளி பார்க்கச் சொல்லியிருந்தால் அந்தக் குழந்தைக்குப் போயிருக்காது என்ற நினைப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். லெவோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் வகை மருந்துகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு கொல்லும். அதனால் காய்ச்சல் விடும், இருமல் தணியும், பசி எடுக்கும். கிருமி முழுசாகச் சாகாது, சளியில் எண்ணிக்கை குறைந்து பரிசோதனைக்கு அகப்படாமல் ஒளிந்துகொள்ளும். காசநோய்க்கு ஆரம்பத்தில் நாலு மருந்தைச் சேர்த்துக் கொடுப்பதே, ஒன்றுக்குத் தப்பிய கிருமியை மற்றது பிடிக்கட்டும் என்பதற்காகத்தான். ஒற்றை மருந்தை ஐந்து ஐந்து நாளாகக் கொடுத்தால், தப்பிய கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். அப்புறம் மருந்துக்கு அடங்காத காசநோய் வந்தால் டாக்டர்கள் நம்பியிருக்கும் மருந்துகளில் இந்த வகையும் ஒன்று. அதை நாம் கவுண்டரிலேயே வீணாக்கிவிடுகிறோம்.

2014 மார்ச் முதல் லெவோஃப்ளாக்சசின், கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளின் எச்1 பட்டியலில் இருக்கிறது. டாக்டர் சீட்டு வேண்டும், நோயாளி பெயரையும் டாக்டர் பெயரையும் பதிவேட்டில் எழுத வேண்டும். அப்படியிருந்தும், "போன தடவை கொடுத்தீங்களே, அந்தச் செவப்புக் கட்டம் போட்ட அட்டை" என்று காலி அட்டையோடு ஆட்கள் வந்து நிற்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள், கொடுக்கிறவரிடம் வாங்காதீர்கள். டாக்டரிடம் போனாலும், இதற்கு முன் என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்பதை மறைக்காமல் அட்டையைக் காட்டுங்கள்.

சளியின் நிறத்தை வைத்து முடிவெடுப்பது

பச்சை என்றால் ஆன்டிபயாட்டிக், வெள்ளை என்றால் வேண்டாம் என்று ஒரு கணக்கு ஊரில் ஓடுகிறது. அந்தப் பச்சை, கிருமியோடு சண்டை போட்ட வெள்ளை அணுக்களிலிருந்து வருவது. வைரஸ் சளியிலும் வரும்.

சளியில் ரத்தம் வந்தால் "தொண்டை புண்ணு" என்று விடுவது

ஒரு கீற்று என்றாலும் அன்றைக்கே டாக்டரிடம்.

மூச்சு வாங்கும்போதும் நாள் எண்ணுவது

எண்ண வேண்டாம். ஒரு வாக்கியம் பேசி முடிக்க மூச்சு போதவில்லை, நெஞ்சு வலிக்கிறது, உதடு நீலம் பாய்கிறது, பெரியவர் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசுகிறார் என்றால் 108.

தூசி மேல் பழி போடுவது

எங்கள் ஊரில் எல்லா இருமலுக்கும் பஞ்சுத் தூசிதான் காரணம் என்பார்கள். உண்மையிலேயே தூசியாக இருந்தாலும் அது சும்மா விடுகிற விஷயமில்லை, பல வருடம் போனால் நுரையீரல் கெடும். விறகடுப்புப் புகையில் சமைத்த பெண்களுக்கும் அப்படித்தான். காரணம் தெரிந்துவிட்டது என்பதற்காக டாக்டரைத் தள்ளிப்போடாதீர்கள். படுத்தால் மட்டும் இருமல், எழுந்து உட்கார்ந்தால் குறைகிறது, சாயங்காலம் கால் வீங்குகிறது என்றால் நுரையீரலோடு இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

குழந்தைக்குப் பெரியவர் டானிக்கைப் பாதியாக்கிக் கொடுப்பது

2 வயதுக்குள் இருமல், சளி மருந்து கூடாது, 5 வயது வரை பொதுவாகவே வேண்டாம் என்று 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியிருக்கிறது. பாட்டிலைத் தேடுவதற்குப் பதில் மூச்சை எண்ணுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் பாருங்கள். 2 மாதம் முதல் 1 வயதுக்குள் 50, 1 முதல் 5 வயதுக்குள் 40, அதைத் தொட்டாலோ தாண்டினாலோ உடனே ஆஸ்பத்திரி. விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலும் அப்படியே. 2 மாதத்துக்குள் உள்ள குழந்தை என்றால் இருமல் வந்தாலே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

டப்பாவில் எச்சிலைக் கொடுத்துவிட்டு வருவது

அரசு ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சளிப் பரிசோதனை இலவசம். அங்கே போய் அவசரத்தில் எச்சிலைத் துப்பிவிட்டு, "ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க" என்று வருகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் நின்று, இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்து விட்டு, நெஞ்சின் அடியிலிருந்து இருமிக் காறித் துப்புங்கள். டப்பாவைச் சாய்த்தால் தண்ணீராக ஓடக் கூடாது, கெட்டியாக மெதுவாக நகர வேண்டும். ஒரு டீஸ்பூன் அளவு போதும். மூடியை இறுக்கித் திருகி, அன்று காலையிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.