இரண்டு முறை போன மருந்து

மகனுக்கு வலிப்பு நோய். சாப்பாடு, மருந்து எல்லாமே வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகத்தான். நாளைக்கு 5 மருந்துகள், 11 வேளை. ஒரு ராத்திரி நான் கொடுத்த மருந்தையே கணவரும் கொடுத்துவிட்டார். "நீ தூங்கிட்டேன்னு நினைச்சேன்" என்றார். உடனே டாக்டரைக் கூப்பிட்டோம். அவர் சொன்னபடி விடிய விடிய மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

முதலில் செல்போனில் அலாரம் வைத்தேன். பிரயோஜனமில்லை. அலாரம் நேரத்தைச் சொல்லும், கொடுத்தாயிற்றா என்று சொல்லாது. கடைசியில் சரிப்பட்டு வந்தது வேளைக்கு ஒரு கட்டம் போட்ட ஒரு தாளும் கயிற்றில் கட்டிய பேனாவும்தான். மருந்து போய், குழாயில் தண்ணீர் விட்டுக் கழுவிய கையோடு, நகர்வதற்கு முன்பே டிக் அடித்துவிட வேண்டும்.

அப்புறம், தாளில் மருந்தின் அளவை மில்லிகிராமில் மட்டும் எழுதியிருந்தேன். அதுவும் தப்பு. அதே மருந்து வேறு செறிவில், அதாவது ஒரு மில்லியில் இருக்கும் மில்லிகிராம் மாறி, வந்தால் சிரிஞ்சில் எடுக்கவேண்டிய மில்லி மாறிவிடும். இப்போது இரண்டையும் எழுதுகிறோம். புது பாட்டிலைத் திறக்கும்போது லேபிளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது கணவர் வேலை.

மூத்தவள் தாளின் ஓரத்தில் தனக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறாள்: "அம்மா என்கூட 10 நிமிஷம்." நேற்று அதில் டிக் இல்லை.