ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைப் பிரிக்கும் முன்

கல்லூரி விடுதியில் யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றால் அறைத்தோழர்கள் ஓடிப்போய் ஓ.ஆர்.எஸ். (உடல் இழந்த நீரை ஈடுசெய்யத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) பொட்டலம் வாங்கி வருகிறார்கள். நல்ல காரியம். ஆனால் பாதிப் பொடியை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கிவிட்டு, மீதியை மடித்து அலமாரியில் செருகுவது பெரிய தவறு.

முதலில் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஏறக்குறைய 21 கிராம் எடையுள்ள பொட்டலம் என்றால், முழுப் பொடியையும் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். 200 மில்லிக்கான சிறிய பொட்டலமும் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சோடியமும் குளுக்கோஸும் சரியான விகிதத்தில் சேர்ந்தால்தான் குடல் தண்ணீரை உறிஞ்சும். ருசிக்காகக் கூடுதலாகச் சர்க்கரை போட்டால் வயிற்றுப்போக்கு அதிகமாகலாம். கலந்ததை 24 மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும், மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்.

கடையில் அட்டைப்பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்கள் இதற்கு மாற்று அல்ல. அவற்றின் பெயரில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற சொல்லே இருக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது.

மலத்தில் ரத்தம், சிறுநீர் வராமை, குடித்ததெல்லாம் வாந்தியாவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.